எண்ணூற்று நாலாம் மரத்துக்கு ஒரு ஜெபம்

எங்கள் தாராவி வீட்டுச் சாயங்கால ஜெபத்தில் ஒரு மரத்துக்கும் பங்கு இருந்தது. அதற்குப் பெயர்கூட இல்லை, நம்பர்தான். "ஆண்டவரே, அந்த எண்ணூத்தி நாலாம் மரத்தயும் காத்துக்கிடும்" என்றுதான் அப்பா முடிப்பார். தம்பி குனிந்த தலையோடு இந்தியில் முணுமுணுப்பான்: "பேட் கே லியே பிரேயர்? கமால் ஹை!" மரத்துக்கு ஜெபமா, அதிசயம்தான் என்று கேலி. நான் அவன் தொடையில் நறுக்கென்று கிள்ளுவேன்.

எல்லாம் என் வேலையால் வந்தது. சகியாத்ரி மலைக்காட்டில் ஒரு துண்டு நிலத்தை வகுத்துக்கொண்டு, அதிலுள்ள ஒவ்வொரு மரத்திலும் நம்பர் பொறித்த அலுமினியத் தகட்டை அடித்து, சுற்றளவைக் குறித்துக்கொள்வோம். சில வருஷம் கழித்துப் போய் மறுபடி அளப்போம். எது பருத்தது, எது செத்தது, எது புதிதாய் முளைத்தது என்று பார்த்தால்தான் காடு எப்படி மாறுகிறது, எதைக் காப்பாற்ற வேண்டும் என்று தெரியும். "மரத்த அளக்கதுக்கா எம்எஸ்சி படிச்ச?" என்று அப்பாவுக்கு ஆறவே இல்லை. நேரில் பார்த்துவிடுவது என்று ஒருதடவை என்னோடு கிளம்பியே வந்துவிட்டார்.

அப்பா பேக்கிங் பெட்டி அடிக்கும் தச்சர். நான் பயந்து பயந்து ஆணியைத் தட்டுவதை அவர் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாரா? "தள்ளுட்டி அங்கிட்டு! ஆணி அடிக்க லெச்சணமா இது?" சுத்தியலைப் பிடுங்கி ஓங்கி ஒரு போடு. எண்ணூற்று நாலாம் தகட்டின் ஆணி தலைவரைக்கும் இறங்கிவிட்டது. "இனி யானை வந்து இழுத்தாலும் அசையாது" என்றார்.

எங்கள் ஆராய்ச்சித் தலைவர் தலையில் கை வைத்துக்கொண்டார். மரம் பருப்பதற்காக ஆணியில் பாதியை வெளியே விட வேண்டும், இனி பிடுங்கினால் காயம் பெரிதாகும், விட்டுவிடுங்கள் என்று இந்தியில் சொன்னார். அப்பாவின் முகம் செத்துப்போனது.

"எங்கைக்கு வந்த மரம் எதுவும் அதுக்குப் பொறவு வளந்ததில்லயேட்டி" என்றார் என்னிடம்.

ஒரு ஆணியால் மரம் சாகாது என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்கிற ஆளா? அன்றைக்கு ஆரம்பித்ததுதான் அந்த ஜெபம். வேறு எந்தக் காட்டிலிருந்து நான் போன் செய்தாலும், சாப்பிட்டியா என்று கேட்கும் முன்பே "அது இருக்கா?" என்பார். அடுத்த அளவெடுப்பு வரைக்கும் அங்கே போக மாட்டோம் அப்பா என்று எரிந்து விழுவேன். இப்போது அந்தக் கேள்வி ஒருதடவை காதில் விழாதா என்று ஏங்குகிறேன்.

அளவெடுப்பு வருவதற்குள் அப்பா போய்விட்டார்.

இந்தமுறை காட்டுக்குள் இறங்கியதும் என் கால் நேரே அங்கேதான் போனது. அது செத்துக் கிடந்தால் என்ன செய்வது? மரம் நின்றது, நன்றாகப் பருத்து. தகட்டைத்தான் காணவில்லை. பட்டை அதை மூடி வளர்ந்து, ஒரு ஓரம் மட்டும் வெளியே தெரிந்தது. அந்த ஓரத்தைத் தொட்டுக்கொண்டு அழுதேன். பிறகு அதே நம்பரில் புதுத் தகடு ஒன்றை அடித்தேன், பாதி ஆணியை வெளியே விட்டு.

சிக்னல் கிடைக்கிற மேட்டில் ஏறி, மும்பைப் பக்கம் கல்யாண் ஊரில் இருக்கும் தம்பிக்குப் போன் போட்டேன்.

"எண்ணூத்தி நாலு உயிரோட இருக்குடா."



"இருக்கும்க்கா. அப்பா போன பொறவு நாந்தான தெனமும் அந்த ஜெபத்தச் சொல்லுதேன்" என்றான்.