சங்கு ஊதினாலும் கதவைத் திறக்கக் கூடாது

கேட்டில் நிற்பவனுக்கு நாற்காலி கொடுப்பார்கள், உட்காரத்தான் விட மாட்டார்கள். செக்யூரிட்டி சட்டை போட்டவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஓசூரில் ஒரு தொழிற்சாலை கேட்டில் பதினோரு வருஷமாக நிற்கிறேன். போன வருஷம் மூன்று நாள் லீவு போட்டுவிட்டு, ஊருக்குள் ஒரு ஹாலில் கதவுக்கு நின்றேன். நவீன செவ்வியல் இசை விழா. வாசிக்கும்போது கதவைத் திறக்கக் கூடாது என்பது ஒரே கண்டிஷன்.

பிட்டரின் ரசனை

முதல் நாள் ஒருவர் செல்லோ என்கிற பெரிய வயலினின் அடித்தந்தியை வில்லால் தேய்த்துக்கொண்டே இருந்தார். கர்ர்ர் என்று கால் மணி நேரம். எங்கள் கம்பெனியில் மெஷின் பழுது பார்க்கும் பிட்டர் நாகராஜ் கடைசி வரிசையில் கண்ணை மூடி, தலையைச் சாய்த்துக் கேட்டார். மனுஷன் என்னமாய் ரசிக்கிறார் என்று எனக்கே பெருமையாக இருந்தது. இடைவேளையில் வந்து என் தோளைத் தொட்டார்.

"நல்லாத்தான் இருக்குதுண்ணா. ஆனா இன்னும் ரெண்டு நாள் தாங்காது, பேரிங் மாத்தச் சொல்லுங்க."

பாதியில் போகிறவர்கள்

உத்தனப்பள்ளிப் பெண் ஸ்டெல்லா எழுதிய இசை மூன்றாம் நாள் கடைசியில். அவளுக்கு அதுதான் முதல் மேடை. பாதியில் கூட்டம் கலைந்தால் அடுத்த வருஷம் கூப்பிட மாட்டார்கள் என்று யாரோ சொல்லி வைத்திருந்தார்கள். பாவம், இரண்டாம் நாள் முழுக்க என் பக்கத்திலேயே நின்று, யார் யார் எழுந்து போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு அம்மா இரண்டு உருப்படிகளுக்கு நடுவில் வெளியே வந்தார். "பிடிக்கலீங்களாம்மா?" என்று ஸ்டெல்லா பதறிப்போய்க் கேட்டாள்.

"புடிச்சுத்தான் இருக்குது. கெலமங்கலம் பஸ் போயிருச்சுன்னா அந்த வயலின்காரரா என்னக் கொண்டாந்து வுடுவாரு?"

சங்கு

மூன்றாம் நாள் ஹால் நிறையத் தொழிற்பேட்டை ஆட்கள். ஸ்டெல்லாவின் அப்பா அந்தோணி, பிரஸ் ஷாப் ஆபரேட்டர், இஸ்திரி போட்ட சட்டையில் முன்வரிசையில் இருந்தார். வயலின்கள் மெல்ல ஏறின. திடீரென்று ஸ்பீக்கரில் சங்கு. ஷிப்ட் முடியும்போது ஊதுகிற அசல் சங்கைப் பதிவு செய்து இசைக்கு நடுவில் வைத்திருக்கிறாள், எனக்குத் தெரியாது. என் கை கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்துவிட்டது. பதினோரு வருஷப் பழக்கம், மூளையைக் கேட்கவில்லை. பாதி ஹால் எழுந்துவிட்டது. முதலில் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தவர் அந்தோணி.

மேடை ஓரத்தில் ஸ்டெல்லாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. எனக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. "இன்னும் முடியலீங்க, உக்காருங்க!" என்று கத்தினேன். ஒருவரையொருவர் பார்த்தார்கள், பிறகு ஹாலே சிரித்தது. சிரித்துக்கொண்டே உட்கார்ந்தவர்கள் கடைசி வரை கேட்டுக் கைதட்டினார்கள். ஒருத்தர்கூடப் போகவில்லை. ஸ்டெல்லா அழுதுகொண்டே இறங்கி வந்து, "நீங்களே எந்திரிச்சுப் போனா எப்படிப்பா?" என்றாள். அந்தோணி பையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார்.

"சங்கு ஊதுனா உன்னப் பாக்கத்தான கண்ணு இத்தன வருசமா கெளம்புறேன்?"

இந்த வருஷமும் ஸ்டெல்லாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள், என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள், கதவுக்கு மட்டும் வேறு ஆள் போட்டுவிட்டார்கள்.