அக்காவின் முதல் பெயர்

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டரை மணி. ஜும்ஆவுக்குப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்ட அக்காவின் கை பாதியில் நின்றது. சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எவ்வளவு கூப்பிட்டும் கண் திறக்கவில்லை. ஒருமுறை எங்களைப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்பதே என் துஆவாக இருந்தது.

அக்கா பிறந்தது இதே புதுச்சேரியில், பிரெஞ்சுக்காரர் காலத்தில், கடலோசை கேட்கும் தெருவில். வலது காதில் பாங்கு சொல்லி அத்தா வைத்த பெயர் சாபிரா. பொறுமையுள்ளவள் என்று பொருள். ஆறு வயதில் காய்ச்சல் விட்டுவிட்டு வந்து, உடம்பு நூலாகிவிட்டது. பெயர் பிள்ளைக்குப் பாரமாக இருக்கிறது, பொறுமை என்று வைத்தால் சோதனை தேடி வரும் என்றார்கள் உறவுப் பெண்கள். மறுபடியும் காதில் பாங்கு சொல்லி, ஆயிஷா என்று மாற்றி, சர்க்கரை வழங்கினார்கள். வாழ்பவள் என்று பொருள். பழைய பெயரை யாரும் வாயில் எடுக்கக் கூடாது என்று அம்மா உத்தரவு போட்டார்கள். கூப்பிட்டால் நோய்க்கு வழி தெரிந்துவிடுமாம்.

அக்கா பிழைத்தார்கள். நெல்லித்தோப்பில் வாழ்க்கைப்பட்டார்கள். மில்லில் வேலை பார்த்த மச்சான் இளவயதில் மௌத்தான பிறகு, தையல் மெஷினோடு தனியாக நின்றார்கள். தெருப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்தார்கள்.

எழுபதுகளின் கடைசியில் என் மகளுக்கு மூச்சிரைப்பு வந்தது. பெயரை மாற்றிப் பார்க்கலாமா என்று அக்காவிடம் கேட்டேன். ஊசியில் நூல் கோத்தபடியே சொன்னார்கள்.

"நோவுக்கு மருந்து குடு, பேர விட்டுடு. எனக்கு மாத்துனாங்க, நல்லாத்தான் இருக்கறேன். ஆனா அந்தப் பழைய பேரு எங்க போச்சுன்னு இன்னவரைக்கும் யாரும் சொல்லல."

பிறகு மெஷினை மிதித்துக்கொண்டே, "ஸப்ருன்னா சும்மா குந்திகினு இருக்கறது இல்லம்மா. ஓடற மனச இழுத்துப் புடிச்சு நிறுத்தறது" என்றார்கள். பொறுமையைக் குறிக்கும் அந்த அரபுச் சொல்லின் வேரே அதுதான் என்று பின்னாளில் பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் சொன்னார். அன்று முதல் மதியக் கண்ணயர்வில் எனக்கு ஒரு தோற்றம் வரும்: அக்கா விட்டுவந்த அந்தப் பெயர், பாவாடை நனைய, அலையோரம் ஆறு வயதோடே நடந்துகொண்டிருக்கும்.

திங்கட்கிழமை விடியலில் அக்கா மௌத்தானார்கள். பார்த்துக்கொண்ட டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும், கஞ்சி கொண்டுவந்த எதிர்வீட்டு மாதாகோயில் குடும்பத்தாருக்கும், ஜனாஸாவைத் தோளில் சுமந்தவர்களுக்கும், நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவில் இந்த நினைவு மலரை வாங்கும் உங்களுக்கும் எங்கள் நன்றி.

அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை மதியம், ஆஸ்பத்திரிக்கு வந்தவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வைத்திக்குப்பத்து அஞ்சலையம்மா. தாயாரின் மீன்கூடையோடு எங்கள் வீட்டுக்கு வந்து, அக்காவுடன் விளையாடி வளர்ந்தவர். கல்யாணத்துக்குப் பின் இருவரும் சந்தித்ததில்லை. மார்க்கெட்டில் கேள்விப்பட்டு பஸ் ஏறி வந்திருந்தார். ஆயிஷா என்று கூப்பிட்டுப் பாருங்கள் என்றேன்.

"அது உங்க வூட்டுச் சங்கதி" என்றவர், கட்டிலில் குனிந்து, வலது காதில் சொன்னார்.

"ஏ சாபிரா. அஞ்சல வந்துருக்கறேன். பட்டப்பகல்ல இன்னாடி தூக்கம்?"

அக்கா கண் திறந்தார்கள். என்னைப் பார்த்தார்கள், என் மகளைப் பார்த்தார்கள். பிறகு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அஞ்சலையம்மா முந்தானையால் அக்காவின் முகத்தைத் துடைத்தார்.

"இன்னா அப்பிடி பாக்கற? நான் உன்ன வேற பேர்ல கூப்ட்டதே இல்லியே."