மேசை மேல கிடந்த பிரேக்

இன்னைக்கு எங்க வீட்டுக்காரர் சக்கர நாற்காலிக்கு டியூப் வாங்க ராஜபாளையத்துல ஒரு சைக்கிள் கடைக்குப் போனேன். உள்ள, அந்தக் காலத்துல எங்க வீட்டுக்காரர் சைக்கிளைப் பார்த்துக்கிட்ட மெக்கானிக் உக்காந்திருந்தார். பார்த்ததுமே தெரிஞ்சிருச்சு.

தொண்ணூறுகள்ல எங்க வீட்டுக்காரர் மில்லு டீமுக்கு சைக்கிள் ரேஸ் ஓட்டினவர். வேலை குடுத்ததே அதுக்குத்தான். டிராக் ரேஸ் சைக்கிளுக்கு பிரேக் கிடையாது, பெடலை அழுத்திப் பிடிச்சுத்தான் நிப்பாட்டணும். அதுல மெடல் வாங்கிட்டு வந்தவர்கிட்ட இந்த ஆள் சொன்னார், "அங்க பிரேக் இல்லாமத்தானண்ணே ஜெயிச்சீக. ரோட்டு ரேஸுக்கு மட்டும் எதுக்கு அந்தக் கனம்?"

பெடலோட சேர்ந்தே சுத்துற டிராக் சக்கரத்தை மாட்டி, பிரேக்கைக் கழத்திக் குடுத்தார்.

அந்த ரேஸுல, பிளவக்கல் இறக்கத்துல குறுக்க ஒரு மாட்டுவண்டி வந்துச்சு. உசுரு மட்டும் தப்புச்சு.

இன்னைக்கு அதே ஆள் முன்னால ஒரு பொண்ணு ரேஸ் சைக்கிளோட நிக்கா. சக்கரம் மாத்தியாச்சு. பிரேக் ரெண்டும் மேசை மேல கிடக்கு.

"ஏட்டி, இவர் கழத்தின சைக்கிள்ல போனவிய எங்க வீட்டுல இருக்காவ. வந்து ஒருக்காப் பார்த்துட்டுப் போ"ன்னேன்.

"ஞாயித்துக்கிழமை ரேஸுல ஜெயிச்சாத்தான் எனக்கு வேலை, ஆச்சி"ன்னு சிரிச்சா.

"மதினி பழசையே பேசுவாவ. அண்ணன் சுகமா?"ன்னார் அவர்.

சுகமான்னு கேக்காரு.

அந்தப் பொண்ணு ஏறி செட்டியார்பட்டி ரோட்டுல போயிட்டா. நான் பிரேக் ரெண்டையும் பையில போட்டுக்கிட்டு வந்துட்டேன்.

அவ யார் வீட்டுப் பிள்ளைன்னு தெரிஞ்சவிய ஞாயித்துக்கிழமைக்கு முன்னால சொல்லுங்க. நானே கொண்டுவந்து, மாட்டி முடிக்கிற வரைக்கும் நிக்கேன். திருடிட்டேன்னு அவர் இதுக்குக் கீழ எழுதினா எழுதட்டும்.