ரோஸ் தாளும் வயிற்றுவலியும்

எங்கள் தெருவில் பி.எட். படித்துக்கொண்டிருந்த ஓர் அக்கா எங்களுக்கு டியூஷன் எடுத்தார். தினமும் பஸ் ஏறி ஏனாத்தூர் போய்ப் படித்துவிட்டு, அங்கே கற்றதைச் சாயங்காலம் எங்கள்மேல் சோதித்துப் பார்ப்பார். "எதப் படிக்கணும்னு பசங்களே முடிவு பண்ணிக்கினா ஆசையா படிப்பாங்கன்னு எங்க மனோதத்துவப் பாடத்துல போட்டிருக்குது" என்பார். அதனால் கணக்குக்கு இரண்டு வகைத் தாள். பச்சைத் தாள் சுலபம், ரோஸ் தாள் கஷ்டம். எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம்.

நான் எப்போதும் பச்சைதான். எப்போதும் பத்துக்குப் பத்துதான். அப்பா அந்தத் தாள்களைத் தறிக்கு எதிர்ச் சுவரில் சோற்றுப் பருக்கை தடவி ஒட்டிவைப்பார். பட்டு நூல் கொண்டுவருகிறவரிடம்கூட, "நம்ம பையன் கெட்டிக்காரன்பா, தப்பே வராது" என்பார். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தப்பு என்றாலே நடுக்கம்.

என் தங்கை என்னைவிட ஒரு வயது சின்னவள். அவள் ரோஸ் தாளைத்தான் எடுப்பாள். ஒரு கணக்கு வரும், இரண்டு வரும். "இது எப்பிடிக்கா வரும்?" என்று நச்சரிப்பாள். மற்ற பிள்ளைகள் சிரித்தால் அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு மறுபடியும் கேட்பாள்.

ஒருநாள் டியூஷன் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "பச்சையெல்லாம் உனக்குத் தண்ணிபட்ட பாடு. ஒரு தபா ரோஸ் எடுத்துப் பாரேன்பா."

எடுத்தேன். முதல் கணக்கு விளங்கவில்லை. இரண்டாவதும் அப்படியே. அப்பாவின் சுவர் கண்முன் வந்து நின்றது. வயிறு வலிக்கிறது என்று சொல்லி வீட்டுக்கு வந்துவிட்டேன். நிஜமாகவே வலித்ததா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அம்மா ஓமத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தபோது தங்கை வந்தாள். வந்தவள் தன் தாளை நேரே அப்பாவிடம் நீட்டினாள். பத்துக்கு நாலு. அப்பா தறியை நிறுத்திப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

எனக்கு மானமே போனது போலிருந்தது. அவளைத் தனியே இழுத்து, "ஏன்டி காட்டின? பையிலயே வெச்சிருக்கலாம் இல்ல?" என்றேன்.

"ஏண்ணா? போன வாரம் ரெண்டு, இப்ப நாலு. அஞ்சாவது கணக்கும் பாதி வந்துடுச்சி, இரு காட்றேன்" என்று அங்கேயே தரையில் குந்திக்கொண்டு எழுத ஆரம்பித்துவிட்டாள்.

பத்துக்கு நாலு எவ்வளவு குறைச்சல் என்றுகூட இந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லையே என்று எனக்குப் பாவமாக இருந்தது. அவளுக்காக வருத்தப்பட்டுக்கொண்டே ஓமத் தண்ணீரைக் குடித்தேன்.