கீழ்வீட்டு ஸ்பானியர்

நான்காம் வகுப்பில் படித்த வருடம், ஒரு மாத காலம் நான் ஏரிக்கு நடுவிலிருந்த ஒரு நகரத்தில் குடியிருந்தேன். நாங்கள் ஜெர்மனியின் ஹம் நகரத்தில், மூன்று மாடிக் கட்டடமொன்றின் இரண்டாம் மாடியில் இருக்கிறோம் என்றுதான் அம்மாவும் அப்பாவும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் திருத்த நான் முயலவில்லை.

எல்லாம் பள்ளிக்கூடத்தில் தொடங்கியது. ஒரு வாரம் முழுவதும் வேறு பாடமே இல்லாமல் அஸ்டெக் மக்களைப் பற்றிப் படித்தோம். ஆசிரியை கரும்பலகையை மறைக்கும் அளவுக்கு ஒரு பெரிய படத்தைத் தொங்கவிட்டார். நீல ஏரி, நடுவே வெள்ளை நகரம், கரையிலிருந்து நகரத்துக்கு ஓடும் நீண்ட பாதைகள், தண்ணீரில் மிதப்பதுபோல் சோளத் தோட்டங்கள், தோணி நிறையப் பூக்களோடு சந்தைக்குப் போகும் பெண்கள், படிப்படியாக உயர்ந்த ஒரு கோயில். மற்றப் பிள்ளைகளுக்கு அது படம். எனக்கு அது எங்கள் கால்வாயும், தொழிற்சாலைகளுக்குப் பக்கத்தில் எழும்பி நிற்கும் எங்கள் அம்மன் கோயில் கோபுரமும்தான்.

மூட்டமான காலைகளில் பஸ் கால்வாய்ப் பாலத்தில் ஏறும்போது கண்ணைப் பாதி மூடிக்கொள்வேன். கீழே போகும் மணல் கப்பல் பூத்தோணியாகிவிடும். அக்கரையில் மின்கம்பங்கள் கரைந்து வெள்ளைச் சுவர்கள் தெரியும். யாரோ சங்கு ஊதுவார்கள். பஸ் நின்று கதவு திறக்கும்வரை எனக்கு அங்கே ஒரு வீடும் ஒரு தோணியும் இருந்தன.

வெள்ளிக்கிழமை ஆசிரியை அந்த நகரத்தை அழித்தார். கடலுக்கு அப்பாலிருந்து ஸ்பானியர் வந்தார்கள். மொக்டெசுமா என்ற அரசர் பொன்னும் இறகுத் துணிகளும் அனுப்பி, தயவுசெய்து திரும்பிப் போங்கள் என்று கேட்டுக்கொண்டார். பரிசு போகப் போக அவர்கள் கிட்டக் கிட்ட வந்தார்கள். பிறகு நோய் வந்தது. நகரத்துக்கு வந்த குடிதண்ணீரை வெட்டினார்கள். பசியில் சனம் புல்லைத் தின்றது. கடைசியில் நகரமே தரைமட்டமானது. நான் வகுப்பில் விக்கி விக்கி அழுதேன். அது ஐந்நூறு வருடத்துக்கு முந்திய கதை என்று சொல்லி ஆசிரியை மூக்குத் துடைக்கக் கடதாசி தந்தார். எனக்கு அது அன்று காலை நடந்ததுபோல் இருந்தது.

அழுகை நின்றதும் அந்த அரசர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யாராவது கொள்ளைக்காரனுக்குப் பரிசு அனுப்புவார்களா? அந்த ஆத்திரத்தோடு வீட்டுக்கு வந்தால், அம்மா கீழ்வீட்டு மனுசிக்கு உழுந்து வடை சுட்டுக்கொண்டிருந்தார்.

கீழ்வீட்டு மனுசி என்று நாங்கள் சொன்னது எங்களுக்கு நேர்கீழே தனியாக இருந்த, எழுபது தாண்டிய ஜெர்மன் பெண்மணியை. நான் பந்து உருட்டினால், வீடு கூட்டும் தும்புத்தடியால் தன் முகட்டில், எங்கள் காலடியில், இடிப்பார். கருவாடு பொரித்தால் ஜன்னலைப் படாரென்று சாத்துவார். படிக்கட்டில் நாங்கள் கழற்றிவிடும் சப்பாத்துகளைப் பற்றி வீட்டுக்காரருக்குக் கடிதம் போட்டார். வீட்டுக்காரர் எங்களுக்குக் கடிதம் போட்டார். இன்னொரு கடிதம் வந்தால் வீட்டை விடவேண்டியதுதான் என்றார் அப்பா. அந்த வீடு கிடைப்பதற்கு அவர் ஏறி இறங்காத படியில்லை.

சப்பாத்துகளைச் சுவரோரம் வரிசையாக வைக்கவேண்டும் என்று அப்பா சட்டம் போட்டார். அம்மாவின் வழி வேறு. வெள்ளிக்கிழமைதோறும் ஒரு தட்டில் வடையோ சுண்டலோ வைத்து என்னிடம் கொடுத்துக் கீழே அனுப்பினார். சனிக்கிழமை அந்தத் தட்டு ஒரு துணிப்பையில் எங்கள் கதவுப்பிடியில் தொங்கும். வெறும் தட்டாக ஒருநாளும் வந்ததில்லை. அப்பிள் இருக்கும், வால்நட் இருக்கும், ஒருமுறை எனக்குச் சரியான அளவில் ஒரு சோடிக் கம்பளிக் கையுறை இருந்தது. வெறுந்தட்டுத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்பது இவர்களுக்கும் தெரிந்திருக்கிறதே என்று அம்மாவுக்குப் பெரிய திருப்தி.

"அம்மா, குடுக்காதேங்கோ. குடுக்கக் குடுக்கக் கிட்ட வருவினம்," என்றேன்.

"ஆர் வருவினம்?"

"ஸ்பானியர்."

"இஞ்சை எங்கை ஸ்பானியர்? விசர்க்கதை கதையாமல், சூடு ஆறமுன்னம் கொண்டுபோய்க் குடுத்திட்டு வா."

தட்டோடு இறங்கினேன். அந்தக் கதவடியில் கொஞ்சம் நின்றேன். உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. ஒரு நகரம் என் கையில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கதவைத் தாண்டி, தெருவைத் தாண்டி, கால்வாய்க்குப் போனேன். வடையைப் பிய்த்து வாத்துகளுக்குப் போட்டேன். மிளகு அவற்றுக்கு ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. தட்டைக் கால்வாயில் கழுவி, சட்டையில் துடைத்து, மனுசி அப்போதே திருப்பித் தந்துவிட்டார் என்று அம்மாவிடம் கொடுத்தேன்.

அம்மா தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வெறுந்தட்டோ?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த வெள்ளியும் அப்படியே நடந்தது. அம்மா படியில் அந்த மனுசியைக் கண்டால் வணக்கம் சொல்வதைக் குறைத்துக்கொண்டார். மூன்றாம் வெள்ளி நாலு வடைக்குப் பதில் இரண்டுதான் தட்டில் இருந்தது. என் திட்டம் இவ்வளவு நன்றாக நடக்கும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. அரசர் திருந்திக்கொண்டிருந்தார். மூட்டத்துக்குள் என் நகரம் முன்னைவிட வெள்ளையாகத் தெரிந்தது.

மறுநாள் சனிக்கிழமை மத்தியானம் படிக்கட்டில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. கதவைத் திறந்தோம். கீழ்வீட்டு மனுசி எங்கள் வாசலுக்கு முன்னால் தரையில் இருந்தார், ஒரு கையால் மற்றக் கையைப் பிடித்தபடி. துணிப்பை கவிழ்ந்து கிடந்தது. அப்பிள்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படியில் குதித்து இறங்கிக்கொண்டிருந்தன. பக்கத்தில் ஒரு சப்பாத்து மல்லாந்து கிடந்தது. அது என்னுடையது. ஏரி நகரத்துக்காரிக்கு அப்பாவின் சட்டம் எதற்கு என்று அதை நடுவழியில் எறிந்துவிட்டுப் போயிருந்தேன்.

திருப்பித் தரத் தட்டு இல்லாமல் அவர் எங்கள் வாசலுக்கு ஏறி வந்தது அதுதான் முதல்முறை. அம்மா ஓடிப்போய்த் தாங்கினார். அம்மாவுக்கு ஜெர்மன் கொஞ்சம்தான் வரும். அவசரத்தில் அதுவும் வராது. மனுசி என் முகத்தைப் பார்த்து மெல்லிய குரலில் கேட்டார்: "உன் அம்மாவுக்கு என்மேல் என்ன கோபம்? தட்டு வருவதே இல்லையே. நான் அப்பிள் அனுப்பினேனே."

"என்னவாம்?" என்றார் அம்மா.

"கை நோகுதாம்," என்றேன்.

அம்புலன்ஸ் வந்து கொண்டுபோனது. அப்பா சப்பாத்துகளை எல்லாம் உள்ளே எடுத்து வைத்துவிட்டு, இனி எடுத்து என்ன என்று நாற்காலியில் இருந்தார். நான் சாப்பிடவில்லை. வீடு போய்விடும், அது என்னால்தான் போகும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

திங்கட்கிழமை வீட்டுக்காரரின் ஆள் ஒருவர் கையில் தாளோடு வந்தார். எப்படி விழுந்தீர்கள், ஏதாவது வழியில் கிடந்ததா என்று படிக்கட்டில் நின்று அந்த மனுசியிடம் கேட்டார். மனுசி மாவுக்கட்டுப் போட்ட கையோடு தன் கதவில் சாய்ந்து நின்றார். மேலே அப்பா, அம்மா, அவர்களுக்குப் பின்னால் நான். மனுசி எங்களை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பார்வை என்னிடம் வந்து கொஞ்ச நேரம் நின்றது.

"ஒன்றும் கிடக்கவில்லை," என்றார். "என் கண்தான் சரியில்லை. படியைக் கவனிக்கவில்லை."

அந்த ஆள் எழுதிக்கொண்டு போய்விட்டார். அப்பா அப்படியே படியில் குந்திவிட்டார். அன்று பின்னேரமே அம்மா வடை சுட்டார். திங்கட்கிழமை வடை சுட்டது எங்கள் வீட்டில் அதுதான் முதல்முறை. இந்தத் தடவை தட்டை என்னிடம் தரவில்லை, தானே கொண்டுபோனார். வாத்துகளின் கதையை நான் யாருக்கும் சொல்லவில்லை. அந்த மனுசியும் கேட்கவில்லை.

போன வருடம் கொலோனில் எனக்கு மேல்வீட்டில் ஒரு புதுக் குடும்பம் குடிவந்தது. எந்த நாடு, எத்தனை பேர், ஒன்றும் தெரியாது. தலைக்குமேல் காலடிச் சத்தம், பழக்கமில்லாத ஒரு தாளிப்பு வாசம், விளங்காத மொழியில் சிரிப்பு. எனக்கு, வெட்கத்தை விட்டுச் சொன்னால், பயமாக இருந்தது. மூன்றாம் நாள் ஒரு கேக் செய்து எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன். வாசல் முழுக்கச் சப்பாத்துகள். தட்டோடு அங்கேயே நின்றுவிட்டேன்.

எங்கள் பழைய கீழ்வீட்டு மனுசி அந்தக் கட்டடத்தில் நாற்பது வருடம் இருந்தவர். ஒருநாள் திடீரென்று அவர் தலைக்குமேல் வந்து இறங்கியவர்கள் நாங்கள். அப்பிளும் வால்நட்டும் கையுறையும் பரிசாக அனுப்பிக்கொண்டிருந்தவர் அவர்.

ஒன்பது வயதில் இதெல்லாம் எனக்கு எங்கே எட்டியது? அந்தத் திங்கட்கிழமை, அம்மா கீழே போன நேரம் பார்த்து, படியில் உருண்ட அப்பிள்களில் ஒன்றைக் கடித்தபடி கால்வாய்க்கு ஓடினேன். மூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. அக்கரையைப் பார்த்து, என் நகரத்துச் சனத்துக்குக் கேட்கும்படி சத்தம் போட்டுச் சொன்னேன்: ஸ்பானியர் தோற்றுப்போனார்கள், இனிப் பயமில்லை.