குங்குமம் வைத்த பிரஸ்

எண்ணூர் தொழிற்சாலையில் எங்கள் கம்ப்யூட்டர் அறை வாசலில் காவலுக்கு இருந்தவர் அவர். முன்பு பட்டறையில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் தின்றதுபோக வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிச்சம். அந்தக் கையை எப்போதும் காக்கிப் பாக்கெட்டுக்குள்ளேயே வைத்திருப்பார்.

அந்த வருஷம் பழைய கம்ப்யூட்டரில் கணக்குப் போடும் பகுதியை மட்டும் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினார்கள்.

"பழசுல இன்னா சார் கோளாறு?" என்று என்னிடம் கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க. கொஞ்சம் மெதுவா ஓடிச்சு."

ஆயுத பூஜையன்று புதியதற்குப் பொட்டு வைக்கக் கூப்பிட்டால், குங்குமத்தை எடுத்துக்கொண்டு நேராகப் பட்டறைக்குப் போனார். தன் கையைத் தின்ற அதே பிரஸ்ஸுக்குக் கட்டைவிரலால் பொட்டு வைத்தார்.

"இதுக்குப் போயா?" என்றேன், பின்னாலேயே போன நான்.

"இத்த மாத்துங்கோன்னு மேனேஜராண்ட கேட்டுப் பாத்தாச்சு சார். இன்னொருத்தன் கைய வுட்டுடுன்னு இனிமே இதாண்டதான் கேக்கணும்."

விரலைத் துடைக்காமலே கையைப் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டார். காக்கியில் ஊறிய அந்தச் சிவப்பு பல நாள் போகவில்லை.