வேலிக்குப் பூட்டு கேட்டவன்

விதைக்கடையில் மத்தியான நேரம் ஆள் வராது. அருப்புக்கோட்டை வெயிலில் பன்னிரண்டு மணிக்கு மேல் கடையேறுகிறவன் ரசீதைத் தொலைத்துவிட்டுச் சண்டைக்கு வருகிறவனாகத்தான் இருப்பான். பில் போடும் கம்ப்யூட்டர் சும்மா கிடக்கும். நான் அதில் விவசாயம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இலவச விளையாட்டு. இணையப் பக்கத்தைத் திறந்தால் போதும், நிலம் வந்துவிடும். திருச்சுழிப் பக்கம் எங்கள் ஊரில் இருக்கும் அண்ணன்தான் எனக்கு லிங்க் அனுப்பினார். அவர் அனுப்பிய லிங்க்கில் நுழைந்ததால் அவர் நிலத்தை ஒட்டியே எனக்கும் நிலம் கிடைத்தது.

இதை வடிவமைத்த புண்ணியவான் மண்ணைக் கண்ணால் பார்த்திருப்பானா என்பதே சந்தேகம். உளுந்து நாலு மணி நேரத்தில் விளைகிறது. மாடு சிரிக்கிறது. பேருக்கு ஒரு கருவேல முள் கிடையாது. மழை வேண்டுமென்றால் நீலக்கல் கொடுக்க வேண்டும். நீலக்கல் இல்லாதவன் அரை நிமிட விளம்பரம் பார்த்தால் ஒரு வாளித் தண்ணீர். விளம்பரத்தை மூடும் பெருக்கல் குறியைக் கடுகளவுக்கு வைத்து, அதையும் தினம் ஒரு மூலைக்கு மாற்றியிருப்பான். தமிழ் வேறு போட்டிருந்தான். பயிர் கருகினால், 'உங்கள் தாவரம் காலமானார்' என்று வரும்.

விளையாடுகிறவர்கள் கருத்துச் சொல்ல ஒரு பக்கம் உண்டு. அதைப் படித்தால் விளையாட்டே தேவலை என்று தோன்றும். 'மனதுக்கு அமைதி தருகிறது' என்று ஒருவர் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார். விவசாயம் அமைதி தருகிறதாம். சோளக்கொல்லைப் பொம்மைக்குப் புதுத் தொப்பி வேண்டும் என்று ஒருத்தர் மன்றாடியிருந்தார். தொப்பி விஷயமாக நாற்பது பேர் அடித்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீருக்கு எதற்கடா காசு என்று கேட்க அங்கே ஒரு நாதி இல்லை.

எனக்கு இந்த விளையாட்டில் தினமும் ஒரு தப்பு நடக்கும். எங்கள் ஊர் வானம் பார்த்த கரிசல். புரட்டாசியில் மழைக்கு முன்பே காய்ந்த புழுதியில் விதைத்து மூடிவிடுவோம். விதை மண்ணுக்குள் படுத்துக் கிடந்து, மழை விழுந்ததும் முளைக்கும். அந்தப் பழக்கத்தில் சாயங்காலம் கடை அடைக்கும்போது கம்ப்யூட்டரிலும் காய்ந்த மண்ணில் விதையைப் போட்டுவிட்டுப் போய்விடுவேன். அங்கே அது செல்லாது. ஈரமில்லாத மண்ணில் போட்ட விதை மறுநாள் மத்தியானத்துக்குள் செத்துப்போகும். இந்த உலகத்தில் புழுதியில் விதைத்து ஏமாறுகிற ஒரே கிறுக்கன் நான்தான் என்று நினைக்கிறேன்.

நிஜ நிலத்திலும் எங்களுக்குச் சண்டை வந்தது அதனால்தான். நாலு ஏக்கரை அண்ணனும் நானும் சேர்ந்து பயிர் செய்தோம். பத்து நாள் பொறுப்போம் என்றார் அவர். நான் கேட்கவில்லை, விதைத்தே தீர வேண்டும் என்று நின்றேன். ஒரு தூறல் விழுந்தது. முளைத்ததெல்லாம் அடுத்து அடித்த வெயிலில் கருகியது. டீக்கடையில் நாலு பேர் முன்னால், "கடையில வெத வித்தா வெவசாயம் தெரிஞ்சிருமாலே?" என்றார். அன்றோடு பேச்சு நின்றது. நிலத்தை அவரே முழுசாகப் பார்த்துக்கொண்டார். நான் ஊருக்குப் போவதையே விட்டுவிட்டேன்.

ஆனால் கம்ப்யூட்டரில் இரண்டு பேரும் பக்கத்து நிலத்துக்காரர்களாகவே இருந்தோம். பக்கத்து நிலத்துக்காரன் ஒரு நாளைக்கு ஒருமுறை நமக்கு இலவசமாகத் தண்ணீர் பாய்ச்சலாம். காலையில் கடை திறந்து பார்ப்பேன். மத்தியானத்துக்குள் சாக வேண்டிய விதை ஈரத்தில் முளைத்து நிற்கும். 'உங்கள் அண்டையர் நீர் ஊற்றினார்' என்று ஒரு வரி இருக்கும். அண்ணன்தான். தினமும் அவர்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டீக்கடையில் வாயால் சொன்னதை இங்கே வாளியால் சொல்கிறார், தம்பிக்கு விதைக்கத் தெரியாது என்று ஊருக்குக் காட்டுகிறார் என்றே எடுத்துக்கொண்டேன். ஒரு மத்தியானம் உட்கார்ந்து கருத்துப் பக்கத்தில் எழுதித் தள்ளினேன். கண்டவன் நுழைந்து தண்ணீர் ஊற்றுவதற்கு இது என்ன சத்திரமா, கேட்காமல் செய்கிற உதவி உதவியா, வேலி என்று ஒன்றை வரைந்தவனுக்கு அதில் ஒரு பூட்டு வைக்க அறிவில்லையா என்று கேட்டிருந்தேன். முந்நூறு பேருக்கு மேல் விருப்பம் போட்டார்கள். தொப்பி கோஷ்டியும் என் பக்கம் வந்துவிட்டது.

தண்ணீருக்கு எதற்குக் காசு என்று கேட்டிருந்தால் எவனும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டான். பூட்டை மட்டும் ஒரே மாதத்தில் கொண்டுவந்தான். 'உங்கள் கருத்தை மதித்து' என்று போட்டிருந்தான். முதல் ஆளாக நான் பூட்டினேன்.

மறுநாள் காலையில், 'உங்கள் அண்டையர் வந்தார். வேலி பூட்டியிருந்தது. திரும்பினார்' என்று வந்தது. இதைச் சொல்லிக்காட்ட வேண்டும் என்று எந்த மடையனுக்குத் தோன்றியதோ தெரியவில்லை. அடுத்த நாளும் அதே வரி. நன்றாக வேண்டும் என்று சிரித்தேன். பதினோரு நாள் வந்தது. பன்னிரண்டாம் நாள் வரவில்லை. என் உளுந்து மட்டும் காலமாகிக் கிடந்தது. எவருக்கும் தெரியாமல் பூட்டை எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு ஒருவரும் வரவில்லை.

அடுத்த புரட்டாசியில் மதினி கடைக்கு வந்தார், குதிரைவாலி விதை வாங்க. அண்ணன் பேசாவிட்டாலும் மதினி என்னோடு பேசுவார்.

"உங்கண்ணன் அந்த வெளாட்ட விட்டுட்டாக, தம்பி" என்றார்.

"ஏன் மதினி?"

"காலையில எந்திரிச்சதும் மொத வேலையா ஒங்க காட்டுக்குத்தான் தண்ணி விடுவாக. 'பழக்கத்துல புழுதியில போட்டுட்டுப் போயிருவான், நான் பாக்கலன்னா கருகிரும்'னு சொல்லுவாக. அன்னைக்கு டீக்கடையில வாய விட்டதுக்கு இதையாச்சும் செய்யுறேன்னாக. அப்புறம் பூட்டிக் கெடக்குன்னு ஒரு வாரமாச் சரியாச் சாப்பிடல. அது நீங்க போட்ட பூட்டா தம்பி?"

நான் விதைப் பையைக் கட்டிக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை.

"நான் எங்க மதினி போட்டேன். கம்பெனிக்காரன் எல்லாருக்கும் போட்டுட்டான். கிறுக்குப் பய."

"அதான பாத்தேன். நீங்க போடுவீகளா? நான் அவுககிட்டச் சொல்லிருதேன்" என்று சிரித்துவிட்டுப் பையை வாங்கிக்கொண்டார். அவர் முகம் தெளிந்துவிட்டது.

கடைக்கு எதிரிலேயே திருச்சுழி பஸ் நின்றது. மதினி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். டிரைவர் டீ குடித்து முடிக்கும்வரை வண்டி அங்கேதான் நின்றது. ரோட்டைத் தாண்டிப் போய் உண்மையைச் சொல்லிவிட்டு வர எனக்கு வேண்டிய நேரம் இருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. நான் போகவில்லை.